கொங்கும் நிலக்கரியும் – 14: கீழே கிடப்பது யாருடையது?

கொங்கு மண்ணில் ஒரு கைப்பிடி நிலக்கரி கிடையாது. வெள்ளலூரில் தோண்டினாலும் பாறைதான், வெள்ளக்கோவிலில் தோண்டினாலும் பாறைதான். இந்தியாவின் பெரிய நிலக்கரிப் படுகைகளுக்கு வயது 25, 30 கோடி ஆண்டுகள். நம் காலடியில் இருக்கும் பாறைக்கோ 200 கோடிக்கும் மேல். நிலக்கரி ஆவதற்கான காடுகள் பூமியில் முளைக்கும் முன்பே நம் பாறை இறுகிவிட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயிரம் அடி இறங்கினாலும் வருவது கல் பொடியும், யோகம் இருந்தால் தண்ணீரும்தான்.

ஆனாலும் 130 ஆண்டுகளுக்கு மேலாக நாம் நிலக்கரியில்தான் பிழைத்து வருகிறோம். 1888-ல் ஸ்டேன்ஸ் கோவையில் தொடங்கிய நூற்பாலையின் நீராவி எஞ்சின், 1930களில் எழுந்த மதுக்கரை சிமென்ட் ஆலை, ஒடிசாவின் தால்சேரிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் கரி வாங்கும் மேட்டூர் அனல்மின் நிலையம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தோம். சென்ற அத்தியாயம் ஒரு மின்கம்பியில் நின்றது. சத்தீஸ்கரின் ராய்கரில் புறப்பட்டு 1,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, கரூர் பக்கம் புகளூரில் இறங்கும் 800 கிலோவோல்ட் கம்பி அது. 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறன் உள்ளது. கரியை வண்டியில் ஏற்றாமல், அங்கேயே எரித்து மின்சாரமாக அனுப்பும் ஏற்பாடு. கம்பியின் இந்த முனையில் நடந்த சண்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த முறை மறுமுனைக்குப் போவோம். அங்கே பூமிக்கடியில் கரியோடு சேர்ந்தே இருக்கும் இன்னொரு பொருளைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். அது மீத்தேன்.

மரமும் செடியும் மண்ணுக்குள் அமுங்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் கரியாக மாறும்போது மீத்தேனும் உண்டாகிறது. கரியின் நுண்துளைகளில் அது ஒட்டிக்கொண்டு கிடக்கும். படுகை எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம், பெரும்பாலும் அவ்வளவு வாயு. ஆள் இறங்கிக் கரியை வெட்டியதும் அழுத்தம் தளர்ந்து வாயு வெளியே வருகிறது. நிறமும் மணமும் கிடையாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். மீத்தேன் வெடிப்பு சிறியதாக இருந்தாலும் அது கிளப்பிவிடும் கரித்தூள் அடுத்தடுத்து வெடித்துச் சுரங்கம் முழுவதும் ஓடும். பெரிய சாவுகள் நடப்பது இந்த இரண்டாவது வெடிப்பில்தான்.

1958 பிப்ரவரியில் ராணிகஞ்ச் பக்கம் சினாகுரியில் 170-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1965 மே 28 அன்று பொகாரோ கரிவயலில் உள்ள தோரி சுரங்கத்தில் 268 பேர். 1973-ல் ஜித்பூரில் 48 பேர். சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டதும் இந்தக் கதை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2006 செப்டம்பரில் ஜரியா கரிவயலின் பாட்டி சுரங்கத்தில் 50 பேர் இறந்தார்கள். அப்போது இந்தியா சந்திரனுக்குக் கலம் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தது.

அதனால் சுரங்கச் சட்டம் வாயுவைப் பொறுத்து சுரங்கங்களை மூன்று தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு டன் கரி எடுக்கும்போது 10 கன மீட்டருக்கு மேல் வாயு வந்தால் அது மூன்றாம் தரம், மிக ஆபத்தானது. சுரங்கக் காற்றில் மீத்தேன் 1.25 சதவீதத்தைத் தொட்டாலே மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும். முதல் வைத்தியம் காற்றோட்டம். ராட்சத விசிறிகளை வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுத்து, வாயுவை நீர்க்கச் செய்து வெளியே தள்ளுவார்கள். ஆழம் கூடக்கூட விசிறி மட்டும் போதாது. அப்போதுதான் வாயுவை முன்கூட்டியே வடித்து எடுக்கும் வழி வருகிறது.

முறையாக அதைத் தொடங்கியது ஜெர்மனியின் ரூர் கரிவயல், 1943-ல், போர் நடுவே. கரிக்கு மேலும் கீழும் உள்ள பாறை அடுக்குகளில் சாய்வாகத் துளை போட்டு, குழாய் பொருத்தி, பம்பு வைத்து வாயுவை உறிஞ்சினார்கள். இன்று இரண்டு வகையாகச் செய்கிறார்கள். சுரங்கத்துக்குள்ளேயே கரிப் படுகையின் ஊடாகக் கிடைமட்டமாக நூற்றுக்கணக்கான மீட்டர் துளையிடுவது ஒன்று. தரையிலிருந்து நேர் கீழே துளையிடுவது மற்றது. கரியை எடுத்துவிட்ட இடத்தில் மேற்பாறை இடிந்து விழும். அந்த இடிபாட்டை சுரங்கத்தார் கோஃப் என்பார்கள். இடியும்போது மேலடுக்குகளின் வாயுவெல்லாம் அதற்குள் கொட்டும். தரையிலிருந்து இறக்கிய குழாய் அதன் மேல்விளிம்பில் நின்று வாயுவை இழுத்துவிடும். கேசிங் குழாய், ரிக் வண்டி, தரையில் ஒரு மோட்டார் ஷெட் என்று நம் ஊர் போர்வெல் வேலையை அறிந்தவருக்கு இதில் பாதி புரிந்துவிடும். நாம் தண்ணீரை மேலே கொண்டுவருகிறோம், அவர்கள் வெடியை மேலே கொண்டுவருகிறார்கள்.

இழுத்த வாயுவை என்ன செய்வது? உலகின் பல சுரங்கங்கள் அப்படியே வானத்தில் விட்டுவிடுகின்றன. தொழிலாளி பிழைத்தான், சரி. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் அது 80 மடங்கை ஒட்டி வரும். அதையே எரித்தால் கரியமில வாயுவாகிச் சூடேற்றும் வலு குறையும், மின்சாரமும் கிடைக்கும். தன்பாத் அருகே மூனிதி சுரங்கத்தில் இதைச் செய்து காட்டினார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் இந்திய அரசும் சேர்ந்து, ராஞ்சியிலுள்ள சுரங்கத் திட்ட வடிவமைப்பு நிறுவனமான சி.எம்.பி.டி.ஐ. வழியாக நடத்திய முன்னோட்டத் திட்டம் அது. 2008 முதல் 250 கிலோவாட் எரிவாயு ஜெனரேட்டர் வைத்து சுரங்கக் குடியிருப்புக்கு விளக்கேற்றினார்கள். நம்மூர் நடுத்தர நூற்பாலை ஒன்றுக்குக்கூட அது போதாது. ஆனாலும் மூன்றாம் தரச் சுரங்கத்தின் எமன் அந்தக் குடியிருப்பில் மின்விசிறி சுற்றினான் என்பது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் எல்லாச் சுரங்கத்திலும் ஏன் செய்யவில்லை? பதில் டெல்லிக் கோப்புகளில் இருக்கிறது. கரி, நிலக்கரி அமைச்சகத்தின் சொத்து. அந்தக் கரியின் துளைக்குள் இருக்கும் வாயுவோ பெட்ரோலிய அமைச்சகத்தின் சொத்து. 1997-ல் கரிப்படுகை மீத்தேனுக்கென்று கொள்கை வகுத்தபோது வாயுவைத் தனியாக ஏலம் விட்டார்கள். கோல் இந்தியா தன் குத்தகை நிலத்தில் கரியை வெட்டலாம். அதே கரியின் வாயுவை வியாபாரமாக எடுக்க இன்னொரு வாசலில் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. 2015 நவம்பரில்தான் கோல் இந்தியாவுக்கு அந்த உரிமை வந்தது. தனி உரிமம் கேட்க வேண்டாம் என்ற விலக்கு 2018 மே மாதம் வந்தது. கொள்கை வந்து 21 ஆண்டுகள். இடையில்தான் பாட்டி சுரங்கம் வெடித்தது.

இதோடு மூன்றாவதாக ஒரு சொந்தக்காரர் உண்டு. வனத்துறை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், தெலங்கானாவின் கோதாவரிக் கரை என்று இந்தியக் கரியில் பெரும்பங்கு காட்டுக்கடியில்தான் கிடக்கிறது. மேலே ஒரு மரத்தையும் தொடாமல் அடியில் மட்டும் சுரங்கம் வெட்டினாலும் அது காட்டைப் பயன்படுத்துவதுதான் என்பது 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டி நெறி. மத்திய அரசின் அனுமதி வேண்டும். இதைத் தொழில்காரர்கள் வீண் கெடுபிடி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோஃப் இடிந்தால் தரை தாழும், வெடிப்பு விழும், ஓடை வற்றும். மரத்தின் வேர் கீழேதானே இருக்கிறது?

தரையிலிருந்து வாயு வடிக்கும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. துளை போட ரிக் வண்டி வர வேண்டும். வண்டி வரச் சாலை வேண்டும். சுரங்கம் முன்னேற முன்னேற புதுத் துளை, புதுச் சாலை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கன்னிசன் தேசிய வனத்துக்கடியில் ஓடும் வெஸ்ட் எல்க் சுரங்கத்தின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். சாலை போடக்கூடாது என்று காக்கப்பட்ட வனப்பகுதி அது. 2012-ல் அந்த மாநிலத்துக்கென்று வந்த வன விதியில், மீத்தேன் வடிகுழாய்களுக்காகத் தற்காலிகச் சாலை போடலாம் என்று அந்தக் கரிவயலுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. சுரங்கத்தால் வரும் பணப்பயனைக் கணக்குக் காட்டிய அரசு, வெளியேறும் வாயுவால் வரும் நட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2014-ல் நீதிமன்றம் விலக்கை நிறுத்தியது. வனத்துறை புதுக் கணக்கோடு 2016-ல் விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி அதை ரத்து செய்தது. சில மாதங்களில், ஜூன் மாதம், நிறுவனம் புல்டோசரை இறக்கி ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குச் சாலை வெட்டிவிட்டது. வழக்கு நடக்கும்போதே வேலையை முடிப்பது நமக்கு மட்டும் கைவந்த கலை இல்லை போலிருக்கிறது.

அதே பள்ளத்தாக்கில் எல்க் கிரீக் என்ற இன்னொரு சுரங்கம். அங்கே வடித்த வாயுவில் 2012 முதல் 3 மெகாவாட் மின்சாரம் எடுத்தார்கள். அதற்குப் பணம் போட்டது ஆஸ்பென் பனிச்சறுக்கு நிறுவனம். பூமி சூடானால் பனி இல்லை, பனி இல்லாவிட்டால் தொழில் இல்லை. எந்தக் கொள்கை உரையையும்விட இந்தக் கணக்கு எனக்குத் தெளிவாகப் படுகிறது.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு முன் குடியேறிகளுக்கு நிலம் கொடுத்தபோது கரியை மட்டும் அரசு தனக்கென்று நிறுத்திக்கொண்டது. பின்னர் சதர்ன் யூட் பழங்குடியினருக்கு அந்தக் கரியுரிமை வந்தது. கரிக்குள் இருக்கும் வாயுவும் தங்களுடையதே என்று அவர்கள் கேட்டார்கள். 1999-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. கரி வேறு, அதன் வாயு வேறு.

நம் நாட்டில்? 2013 ஜூலையில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலபாரின் ஜென்மி எனும் பரம்பரை நிலக்கிழார்களின் நிலங்கள் பற்றிய வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மண்ணுக்கடியில் உள்ளதெல்லாம் அரசுடையது என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. வேறு சட்டத்தால் பறிக்கப்படாதவரை நிலத்துக்காரருக்கே கனிமம் என்றது. கேட்டதும் நம் தோட்டத்துக்காரர்களுக்கு மனம் குளிரும். ஆனால் அந்த 'வேறு சட்டம்' ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது. கரிக்கு 1957-ன் கரிநிலச் சட்டம், 2018-ல் நீக்கப்படும்வரை 1973-ன் தேசியமயச் சட்டமும். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் 1948-ன் எண்ணெய்வயல் சட்டம். வாயு போகும் குழாய்க்கு 1962-ன் சட்டம். மின்கம்பிக்கு 1885-ன் தந்திச் சட்டம். பட்டா உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கும். அடியில் இருப்பதும் மேலே போவதும்தான் வேறொருவருடையது.

கொங்கு இதைக் கற்றது கெயில் குழாயில். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயு கொண்டுபோகும் குழாய் அது. அந்த வாயுவும் பெரும்பாலும் மீத்தேன்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர். நிலத்தை வாங்கவில்லை, 20 மீட்டர் அகலத்துக்குப் 'பயன்பாட்டு உரிமை' மட்டும் எடுத்தார்கள். சட்டம் அதற்கு விதித்த இழப்பீடு நில மதிப்பில் 10 சதவீதம். அந்த 20 மீட்டரில் உரிமையாளர் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, குளம் கிணறு வெட்டக்கூடாது. தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் மரம் வைக்காதே என்றும், வானம் பார்த்த பூமிக்காரரிடம் கிணறு வெட்டாதே என்றும் சொன்னால் மீதி என்ன இருக்கிறது? இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவரின் காட்டைக் குழாய் குறுக்கே அறுத்துக்கொண்டு போனால், மீதி நிலத்தை எவர் விலைக்குக் கேட்பார்?

சர்வே கல்லைப் பிடுங்கியவர்கள் மேல் வழக்கு, மறியல், கைது என்று இரண்டு ஆண்டுகள் ஓடின. 2013 மார்ச்சில் தலைமைச் செயலர் கோவைக்கு வந்து ஏழு மாவட்ட விவசாயிகளிடமும் நேரில் கருத்துக் கேட்டார். அந்த மாதம் 25-ம் தேதி முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார்: விளைநிலத்தை விட்டு, தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோக வேண்டும். கொங்கு நாடு கொண்டாடியது. நவம்பர் 25-ல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2014 ஜூனில் ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு நம் ஊர்களில் குழாயைப் பற்றிப் பேசும் தொனியே மாறிப்போனது. 2016 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. குழாய் மத்திய அரசின் பொருள், மாநில அரசு அதன் பாதையை மாற்றச் சொல்ல முடியாது என்பதே சாரம்.

2018 டிசம்பரில் காட்சி திரும்ப வந்தது. இந்த முறை ராய்கர் கம்பி. புகளூரில் இறங்கிய மின்சாரத்தைப் பிரித்துக் கொண்டுபோக உயர் கோபுரங்கள் தோட்டங்களில் முளைத்தன. திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் காத்திருப்புப் போராட்டம், உண்ணாவிரதம். கேட்டது அதேதான்: சாலையோரமாகக் கேபிளாகப் புதைத்துக் கொண்டுபோ. கிடைத்த பதிலும் அதேதான்: 1885-ம் ஆண்டுச் சட்டத்தில் நில உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் தந்திக் கம்பத்துக்காக எழுதிய வரியில் 400 கிலோவோல்ட் கோபுரம் நிற்கிறது. இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்குப் போகும் எண்ணெய்க் குழாயிலும் 'சாலையோரம்' என்ற அதே குரல்தான் கேட்கிறது.

இங்கே டெல்டாவையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் மீத்தேன் என்றாலே மன்னார்குடிதான். ராணிகஞ்சில் 2007-ல் நாட்டிலேயே முதலாவதாகக் கரிப்படுகை வாயுவை விற்கத் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு, 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். நான் மேலே சொன்ன வடிகுழாய் வேறு, இது வேறு. மன்னார்குடியில் சுரங்கம் இல்லை, காப்பாற்றத் தொழிலாளியும் இல்லை. ஆள் தொடாத பழுப்பு நிலக்கரிப் படுகையிலிருந்து முதலில் தண்ணீரை வெளியேற்றி, அழுத்தம் குறைந்ததும் வாயுவை எடுக்கும் திட்டம். நெல் விளையும் மண்ணில், கடல் பக்கத்தில் இருக்கும்போது, நிலத்தடி நீரை இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும் என்று விவசாயிகள் பயந்ததில் நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே 'மீத்தேன்' என்று சேர்த்துத் திட்டுவதால் சுரங்கத் தொழிலாளியின் உயிர் காக்கும் வேலைக்கும் கெட்ட பெயர் வருகிறது. இதைப் போராட்டக்காரர்களும் கவனிப்பது நல்லது.

அந்தத் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். உடல் வந்து சேர்ந்தது நம் பக்கம், கரூர் மாவட்டம் கடவூர் அருகே அவர் உருவாக்கிய வானகம் பண்ணைக்கு. 2015 அக்டோபரில் மாநில அரசு திட்டத்தை நிராகரித்தது. 2020 பிப்ரவரி 9 அன்று டெல்டா இனி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அறிவித்த இடம் சேலம் மாவட்டம் தலைவாசல். அதே மாதம் சட்டமானது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பகுதிகளை நிலக்கரி ஏலப் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தபோது, எதிர்ப்பு எழுந்த சில நாட்களில் திரும்பப் பெற்றது. டெல்டாவுக்குக் கையில் ஒரு சட்டம் இருந்தது. தலைவாசல் மேடையைக் கொடுத்த கொங்குக்கு, குழாயையோ கோபுரத்தையோ தடுக்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

என் கருத்து இது. ஆள் இறங்கும் சுரங்கத்தில் மீத்தேனை வடித்தே ஆக வேண்டும். வடித்ததை வானத்தில் விடுவது குற்றமாக்கப்பட வேண்டும். அதற்காகக் காட்டில் போடும் ஒவ்வொரு சாலையின் நட்டத்தையும் கரியின் விலையில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் நம் தறிக்கும் மோட்டாருக்கும் வரும் மின்சாரத்தின் விலை ஏறும். அதை ஒப்புக்கொள்ளாமல் தோட்டத்தில் கோபுரம் வேண்டாம் என்று மட்டும் நாம் சொல்வது பாதி நியாயம்தான். சத்தீஸ்கரின் ஆதிவாசியும் நம்மைப்போலவே, தன் காட்டின் அடியில் இருப்பது யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2013 மார்ச் விசாரணையில் கோவையில் மனுக் கொடுத்தவர்கள் இந்தத் தொடரைப் படித்தால், மனுவின் நகல் இருந்தால் ஆசிரியருக்கு அனுப்பி உதவுங்கள். அந்த மூன்று நாள் விசாரணையைப் பற்றித்தான் அடுத்த அத்தியாயம்.